வேலையிடத்தில் பாகுபாடு: சட்டம் காட்டும் வழிகள்
(பொன்விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





பொன்விழா மேடையில் நம் முன்னோரின் உழைப்பை நினைக்காமல் பேச்சைத் தொடங்க முடியாது. கிள்ளான் துறைமுகத்திலும், மஸ்ஜித் இந்தியா வட்டாரத்துத் துணிக்கடைகளிலும், நாணய மாற்றுக் கடைகளிலும், உணவுக் கடைகளிலும் அவர்கள் பட்ட பாட்டால்தான் நாம் இன்று இந்த மண்டபத்தில் உட்கார்ந்திருக்கிறோம். அவர்கள் காலத்தில் நம்மவர் வேலை பெரும்பாலும் நம்மவர் கடையில்தான். முதலாளிக்கும் வேலையாளுக்கும் மனத்தாங்கல் வந்தால், பள்ளிவாசல் திண்ணையில் பெரியவர் ஒருவர் இருவரையும் உட்கார வைத்துப் பேசித் தீர்த்து வைப்பார்.

இன்று நம் பிள்ளைகள் ஷா ஆலம் தொழிற்சாலைகளிலும், பிரிக்பீல்ட்ஸை ஒட்டிய கேஎல் சென்ட்ரல் அலுவலகக் கோபுரங்களிலும், மருத்துவமனைகளிலும், வங்கிகளிலும் வேலை பார்க்கிறார்கள். அங்கே நடுவில் நின்று பேசப் பெரியவர் யாரும் இல்லை. அங்கே நிற்பது சட்டம். அதை நாம் அறிந்து வைத்திருக்கிறோமா என்பதுதான் கேள்வி.

நம் வீடுகளில் கேட்கும் பேச்சுதான் இவை. "தூடோங்கோடு முகப்பில் நிற்கக் கூடாதாம்." "ஜும்ஆவுக்குப் போய்வந்தால் மேலாளர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்." "எனக்குப் பின்னால் சேர்ந்தவருக்கு மூன்று முறை பதவி உயர்வு, எனக்கு ஒன்றுகூட இல்லை." "கர்ப்பம் என்று சொன்ன மாதமே வேலையை உறுதி செய்ய முடியாது என்றுவிட்டார்கள்." இதற்கு நாம் சொல்லும் பதிலும் பழகியதுதான்: "பொறுத்துப் போம்மா. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று சொல்லியிருக்கிறார்கள்." நல்ல பழமொழி. ஆனால் முதலாளி போட்ட உப்பைப் போலவே தொழிலாளி போட்ட உழைப்பும் கணக்கில் வர வேண்டும். பொறுமை நம் மார்க்கம் போற்றும் குணம். அதைக் காட்டி நம் பெண்களையும் இளைஞர்களையும் வாயடைக்கச் செய்வது நியாயம் ஆகாது.

அரசியலமைப்புச் சட்டம் எதுவரை வரும்?

நம்மில் பலர் நினைப்பது, "எல்லாரும் சமம் என்று அரசியலமைப்புச் சட்டத்திலேயே இருக்கிறதே, பிறகென்ன?" என்பது. கூட்டரசு அரசியலமைப்புச் சட்டத்தின் 8ஆம் விதி அப்படித்தான் சொல்கிறது. சமயம், இனம், வம்சாவளி, பிறந்த இடம், பாலினம் ஆகியவற்றைக் காட்டி ஒரு குடிமகனை வேறுபடுத்தக் கூடாது என்கிறது. 'பாலினம்' என்ற சொல் 2001ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் அதில் சேர்ந்தது. அரசியலமைப்பே அனுமதிக்கும் விலக்குகளும் உண்டு.

ஆனால் அந்த விதி யாரைக் கட்டுப்படுத்துகிறது என்பதில்தான் சிக்கல். பியாட்ரிஸ் பெர்னாண்டஸ் என்ற விமானப் பணிப்பெண் 1991இல் கர்ப்பமானார். கர்ப்பமானால் பணியிலிருந்து விலக வேண்டும் என்று விமான நிறுவனத்தின் கூட்டு ஒப்பந்தத்தில் இருந்தது. அவர் விலக மறுத்தார், வேலை போயிற்று. வழக்கு கூட்டரசு நீதிமன்றம் வரை போய், 2005இல் அவர் தோற்றார். அரசியலமைப்புச் சட்டம் அரசையும் அரசு அமைப்புகளையும்தான் கட்டுப்படுத்தும், தனியார் ஒப்பந்தங்களுக்குள் அது நுழையாது என்பதே தீர்ப்பின் சாரம்.

இதற்கு நேர் மாறாக இன்னொரு வழக்கு, நமக்குப் பக்கத்து உலு லங்காட்டில் தொடங்கியது. நூர்ஃபடிலா அகமட் சைக்கின் என்பவருக்குத் தற்காலிக ஆசிரியர் வேலை கிடைத்தது. அவர் கர்ப்பிணி என்று தெரிந்ததும் அந்த வேலை பறிக்கப்பட்டது. 2011இல் ஷா ஆலம் உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. கர்ப்பத்தைக் காட்டி வேலை மறுப்பது பாலினப் பாகுபாடு, 8ஆம் விதிக்கு எதிரானது என்றது. அங்கே வேலை கொடுத்தது அரசு.

இரண்டு பெண்கள், ஒரே காரணம், இரண்டு முடிவுகள். ஆகவே நம் பிள்ளை ஒரு சிக்கலோடு வந்தால் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "உன் முதலாளி அரசா, தனியாரா?" அரசு என்றால் 8ஆம் விதியும் உயர் நீதிமன்றத்தில் நீதிமுறை மறுஆய்வும் உண்டு. அதற்கு மனுச் செய்யும் காலக்கெடு 3 மாதம் என்பதால் உடனே ஒரு வழக்கறிஞரைப் பார்த்துவிட வேண்டும். தனியார் என்றால் வேறு கதவுகளைத் தட்ட வேண்டும். நம்மில் பெரும்பாலோர் தனியார் துறையில் இருப்பதால், இனி அந்தக் கதவுகளைப் பற்றியே பேசுவோம்.

2023இல் திறந்த கதவு

நம் நாட்டின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் 2022இல் பெரிய அளவில் திருத்தப்பட்டது. அப்போது மனிதவள அமைச்சராக இருந்தவர் டத்தோ ஸ்ரீ எம். சரவணன். திருத்தங்கள் 2023 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்தன. அவற்றில் புதிதாக வந்ததுதான் பிரிவு 69எஃப்.

அது சொல்வது இதுதான்: வேலையில் பாகுபாடு தொடர்பாக முதலாளிக்கும் தொழிலாளிக்கும் ஏற்படும் தகராறை ஆள்பல இலாகாவின் தலைமை இயக்குநர் விசாரித்து முடிவு செய்யலாம், உத்தரவும் போடலாம். அந்த உத்தரவை மதிக்காத முதலாளிக்கு 50,000 ரிங்கிட் வரை அபராதம். தண்டிக்கப்பட்ட பிறகும் தொடர்ந்தால் நாளொன்றுக்கு 1,000 ரிங்கிட் வரை சேரும். இந்தப் புகாரைத் தொழிலாளியே நேரில் கொடுக்கலாம், வழக்கறிஞர் வைக்க வேண்டும் என்பதில்லை.

"என் சம்பளம் அதிகம், அந்தச் சட்டம் எனக்குப் பொருந்தாது" என்று அலுவலகத்தில் வேலை பார்க்கும் பலர் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது பழைய நிலை. 2023 முதல் வேலை ஒப்பந்தம் உள்ள ஊழியர் அனைவரும், சம்பளம் எவ்வளவானாலும், இந்தச் சட்டத்துக்குள் வருகிறார்கள். மாதம் 4,000 ரிங்கிட்டுக்கு மேல் வாங்குபவர்களுக்குக் கூடுதல் நேரச் சம்பளம் போன்ற சில பிரிவுகள் மட்டும் பொருந்தாது. பாகுபாட்டுப் புகார் அந்த விலக்குகளில் இல்லை.

இதில் உள்ள குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பாகுபாடு என்றால் என்ன என்று சட்டம் விளக்கம் தரவில்லை. எந்தெந்தக் காரணங்கள் என்ற பட்டியலும் இல்லை. பிரிவின் வாசகம் 'முதலாளி, தொழிலாளி' என்று பேசுவதால், இன்னும் வேலையில் சேராமல் நேர்முகத் தேர்வில் ஒதுக்கப்பட்டவருக்கு அது எளிதில் கைகொடுக்காது. குறிப்பிட்ட மொழி தெரிந்தவர்தான் வேண்டும் என்ற விளம்பரங்களைப் பார்த்து நம் இளைஞர்கள் மனம் வெதும்புவதை நாம் அறிவோம். பக்கத்து நாடான சிங்கப்பூர் 2025 ஜனவரியில் தனியாகவே ஒரு வேலையிட நியாயச் சட்டத்தை நிறைவேற்றி, இனம், சமயம், வயது, கர்ப்பம், உடற்குறை என்று காரணங்களைப் பெயர் சொல்லிப் பட்டியலிட்டது. வேலைக்கு ஆள் எடுப்பதையும் அதில் சேர்த்தது. இங்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று கேட்பதில் நம்மைப் போன்ற சங்கங்களுக்கும் பங்கு உண்டு.

பெண்களுக்கு, பெற்றோருக்கு, தொழுகையாளிகளுக்கு

கர்ப்பிணிகளுக்குச் சட்டம் இப்போது தெளிவாகவே துணை நிற்கிறது. கர்ப்பத்தின்போதோ, கர்ப்பத்தால் வந்த நோயின்போதோ ஒரு பெண்ணை வேலையிலிருந்து நீக்குவது பிரிவு 41ஏ-யின்படி குற்றம். ஒழுங்கீனம், ஒப்பந்த மீறல், நிறுவனம் மூடப்படுவது போன்ற காரணங்களுக்கு மட்டுமே விலக்கு. நீக்கியதற்குக் காரணம் கர்ப்பம் அல்ல என்று நிரூபிக்க வேண்டியவர் முதலாளி. பேறுகால விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்திருக்கிறது. தகுதியுள்ள தந்தைக்கு 7 நாள் விடுப்பும் வந்திருக்கிறது.

பாலியல் தொல்லை என்றால் முதலாளியிடமே புகார் கொடுக்கலாம். அவர் விசாரிக்கக் கடமைப்பட்டவர். அவர் தட்டிக்கழித்தால் ஆள்பல இலாகாவுக்குப் போகலாம். 2022ஆம் ஆண்டுப் பாலியல் தொல்லை எதிர்ப்புச் சட்டத்தின் கீழ் தனி நடுவர் மன்றமும் 2024 மார்ச் முதல் இயங்குகிறது. அது 250,000 ரிங்கிட் வரை இழப்பீடு வழங்கலாம். "வெளியே தெரிந்தால் பெண்ணுக்குத்தான் கெட்ட பெயர்" என்று அஞ்சும் தாய்மார்களுக்கு ஒரு செய்தி: 2016இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கில், புகார் கொடுத்த பெண்மீது மேலதிகாரிதான் முதலில் வழக்குப் போட்டார். கடைசியில் அவர்தான் அந்தப் பெண்ணுக்கு 120,000 ரிங்கிட் கொடுக்க வேண்டியதாயிற்று.

இனி, தூடோங்கும் ஜும்ஆவும். 2017 இறுதியில் சில ஓட்டல்களில் முகப்புப் பணியாளர்கள் தூடோங் அணிய அனுமதிக்கப்படவில்லை என்ற செய்தி நாடு முழுவதும் பேசப்பட்டது. அன்று அது அறிக்கைகளோடு நின்றது. இன்று அப்படி ஒரு விதியால் பதவியோ வாய்ப்போ இழக்கும் ஊழியர், பிரிவு 69எஃப்-இன் கீழ் புகார் கொடுத்துப் பார்க்கலாம். முடிவு அந்தந்த வழக்கின் உண்மைகளைப் பொறுத்தது.

ஜும்ஆவுக்கென்று வேலைச் சட்டத்தில் தனிப் பிரிவு இல்லை. ஆனால் 2023இல் வந்த பிரிவு 60பி-யைப் பலரும் கவனிக்கவில்லை. வேலை நேரத்தையோ, நாளையோ, இடத்தையோ மாற்றித் தரும்படி ஊழியர் எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்து மூலம் பதில் சொல்ல வேண்டும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். "வெள்ளிக்கிழமை மதியம் ஒரு மணி நேரம் கூடுதலாகத் தாருங்கள், அதைக் காலையில் முன்னதாக வந்து ஈடுகட்டுகிறேன்" என்று நாகரிகமாக எழுதிக் கேளுங்கள். கேட்காமல் நழுவிப் போவதைவிட இது கண்ணியமானது. பின்னால் தகராறு வந்தால் உங்கள் கையில் ஒரு கடிதமும் இருக்கும்.

வேலையே போய்விட்டால்: 60 நாள்

இந்த உரையில் வேறெதை மறந்தாலும் ஓர் எண்ணை மட்டும் மறக்காதீர்கள்: 60.

தக்க காரணமின்றி வேலையிலிருந்து நீக்கப்பட்டவர், 1967ஆம் ஆண்டுத் தொழிலியல் உறவுச் சட்டத்தின் பிரிவு 20இன் கீழ், மீண்டும் வேலையில் அமர்த்தக் கோரி தொழிலியல் உறவு இலாகாவில் மனுக் கொடுக்கலாம். இது ஆள்பல இலாகா அல்ல, வேறு இலாகா. மனு, நீக்கப்பட்ட நாளிலிருந்து 60 நாளுக்குள் போய்ச் சேர வேண்டும். ஞாயிறும் பெருநாளும் சேர்த்தே 60. முன்னறிவிப்புக் கொடுத்து நீக்கியிருந்தால் அந்த அறிவிப்புக் காலத்திலேயே மனுக் கொடுக்கலாம். கெடு தாண்டினால் ஏற்க இயலாது என்பதை 1981இலேயே கூட்டரசு நீதிமன்றம் உறுதியாகச் சொல்லிவிட்டது. நோன்பு முடியட்டும், பெருநாள் கழியட்டும், ஊருக்குப் போய்வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டால் நியாயம் நம் பக்கம் இருந்தும் பயன் இல்லை.

மனுக் கொடுத்ததும் இலாகா இரு தரப்பையும் அழைத்துச் சமரசம் பேசும். பேச்சு முறிந்தால் விவகாரம் தொழிலியல் நீதிமன்றத்துக்குப் போகும். 2021க்கு முன் அதை அனுப்பலாமா வேண்டாமா என்று அமைச்சர் முடிவு செய்வார். இப்போது அந்தப் படி நீக்கப்பட்டுவிட்டது. நீதிமன்றத்தில், நீக்கியதற்குத் தக்க காரணம் உண்டு என்று காட்ட வேண்டிய பொறுப்பு முதலாளியுடையது. வென்றால் மீண்டும் வேலை, அல்லது அதற்கு ஈடான இழப்பீடு. அதோடு 24 மாதம் வரை பின்சம்பளமும் கிடைக்கலாம். தகுதிகாண் பருவத்தில் இருந்தவருக்கு அந்த உச்சவரம்பு 12 மாதம்.

"அவர்கள் என்னை நீக்கவில்லை, நானாகப் போகும்படி செய்துவிட்டார்கள்" என்பவர்களும் உண்டு. பதவியைக் குறைப்பது, மேசையை எடுத்துவிடுவது, சம்பளத்தை வெட்டுவது என்று ஒப்பந்தத்தின் அடிப்படையையே முதலாளி உடைத்தால், ஊழியர் வெளியேறிவிட்டு அதையும் பணிநீக்கமாகக் கொண்டு வழக்காடலாம் என்று 1988இல் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியது. ஆனால் இது கத்திமேல் நடப்பது போல. ஒப்பந்தம் உடைக்கப்பட்டது என்று நிரூபிக்கும் பாரம் இப்போது ஊழியரின் தலையில். ஆகவே கோபத்தில் ராஜினாமாக் கடிதம் எழுதாதீர்கள். "சொந்தக் காரணங்களால் விலகுகிறேன்" என்று அவர்கள் தட்டச்சு செய்து நீட்டும் தாளில் அங்கேயே கையெழுத்துப் போடாதீர்கள். "வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டு வருகிறேன்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

கையில் என்ன இருக்க வேண்டும்?

இலாகா அதிகாரியின் முன் போய் "என்னை ஒதுக்குகிறார்கள்" என்று சொன்னால் மட்டும் போதாது. பாகுபாட்டை ஒப்பீட்டால்தான் காட்ட முடியும். அதே வேலை, அதே தகுதி, அதே ஆண்டுகள். அவருக்குக் கிடைத்தது, எனக்குக் கிடைக்கவில்லை. காரணம் கேட்டபோது சொன்ன பதில் இது. இப்படி எடுத்து வைக்க வேண்டும்.

அதற்குச் சில பழக்கங்கள் தேவை. நடந்ததை அன்றன்றே தேதி, நேரம், இடம், உடனிருந்தவர் பெயருடன் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள். நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, ஆண்டு மதிப்பீடு இவற்றின் நகலை வீட்டில் வையுங்கள். உங்களுக்கு உரியதை மட்டும் எடுங்கள். நிறுவனத்தின் இரகசியக் கோப்பை எடுத்தால் அதையே காரணமாக்கி நீக்க வழி கொடுத்துவிடுவீர்கள். வாய்ப்பேச்சில் முறையிட்டிருந்தால், "இன்று காலை தங்களிடம் சொன்னபடி" என்று தொடங்கி ஒரு மின்னஞ்சலும் அனுப்பிவிடுங்கள்.

தொழிற்சங்கம் இருந்தால் சேருங்கள். சங்கத்தில் சேர்ந்ததற்காக ஒருவரை வேறுபடுத்துவதைத் தொழிலியல் உறவுச் சட்டத்தின் பிரிவு 5 தடை செய்கிறது. வழக்கறிஞருக்குக் கொடுக்க வசதியில்லாதவர்கள் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தையும், அரசின் சட்ட உதவித் துறையையும் அணுகிக் கேட்கலாம்.

நாமும் முதலாளிகள்தான்

இதுவரை சொன்னதைக் கேட்டுத் தலையசைத்தவர்களில் பலர் கடை வைத்திருப்பவர்கள். ஆகவே இதையும் பேசாமல் இறங்கினால் உரை பாதியில் நின்றதாகும்.

நம் உணவுக் கடைகளில் தமிழ்நாட்டிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் வந்த தம்பிகள் வேலை செய்கிறார்கள். உள்நாட்டவரைவிடத் தனக்கு மோசமான நிபந்தனை என்று வெளிநாட்டுத் தொழிலாளி புகார் கொடுக்கலாம். வெளிநாட்டவரைவிடத் தனக்கு மோசம் என்று உள்நாட்டவரும் கொடுக்கலாம். பிரிவு 60எல் இருவருக்கும் பொது. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் என்பது 2025 ஆகஸ்ட் 1 முதல் ஐந்து பேருக்குக் குறைவாக வைத்திருக்கும் சிறு கடைக்கும் சேர்த்துத்தான். அதில் உள்நாட்டவர், வெளிநாட்டவர் என்ற பிரிவு இல்லை. "பத்திரமாக இருக்கட்டும்" என்று தொழிலாளியின் பாஸ்போர்ட்டை வாங்கிக் கல்லாவில் பூட்டி வைப்பதும் 1966ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். மிரட்டியோ ஏமாற்றியோ வேலை வாங்குவது கட்டாய உழைப்பு. அதற்கு 100,000 ரிங்கிட் வரை அபராதமோ, இரண்டு ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம்.

சட்டத்துக்கு அஞ்சி மட்டும் இதைச் சொல்லவில்லை. பாங்கு சொல்லும் பெருமையை நபிகளார் (ஸல்) முதலில் யாருக்குத் தந்தார்கள்? அடிமையாக இருந்து மீண்ட கறுப்பரான பிலால் (ரலி) அவர்களுக்கு. அதைச் சொல்லிச் சொல்லி வளர்ந்த நாம், நம் கடையில் எச்சில் தட்டு எடுக்கும் பையனை எப்படி நடத்துகிறோம் என்பதை நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். வெளியே நமக்கு நியாயம் கேட்கும் குரல் எடுபட, நம் கடைக்குள் நியாயம் இருக்க வேண்டும்.

அடுத்த ஐம்பது ஆண்டுக்கு

நம் சங்கம் கல்வி நிதி தருகிறது, ஜனாஸாவுக்குத் துணை நிற்கிறது, திருமணங்களை நடத்தி வைக்கிறது. அதே அக்கறையோடு மாதம் ஒரு மாலைப் பொழுதை வேலையிடச் சிக்கல்களுக்கு ஒதுக்குவோம் என்பதே நம் வேண்டுகோள். நம்மிடையே வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். மனிதவளப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களும், தொழிற்சங்க அனுபவம் உள்ளவர்களும் இருக்கிறார்கள். ஒரு மேசையும் நான்கு நாற்காலியும் போதும். வருகிறவருக்கு நாம் வழக்கு நடத்தித் தர வேண்டியதில்லை. எந்த இலாகா, எந்தப் பாரம், எத்தனை நாள் கெடு என்று சொல்லி, தேவைப்பட்டால் கூடவே போய் வரிசையில் உட்கார்ந்தால் போதும். தனியாகப் போகத் தயங்குபவருக்கு அதுவே பாதி பலம்.

ஒவ்வொரு சிக்கலும் ஒவ்வொரு விதம் என்பதால், இங்கே சொன்னதைப் பொது வழிகாட்டியாக மட்டும் கொள்ளுங்கள். உங்கள் சொந்த விவகாரத்துக்கு இலாகாவையோ வழக்கறிஞரையோ கலந்துகொள்ளுங்கள். கெடு ஓடிக்கொண்டிருந்தால் இன்றே கலந்துகொள்ளுங்கள்.

இந்த மலர் பல வீடுகளின் அலமாரியில் நெடுநாள் இருக்கும். வேலையிடத்தில் மனம் நொந்து வீடு திரும்பும் ஒரு மகளோ மகனோ இதை எடுத்துப் புரட்டினால், "பொறுத்துப் போ" என்பதற்கு மேல் சொல்வதற்கும் நம்மிடம் ஏதோ இருந்தது என்று அவர்கள் அறியட்டும்.